‘ஃபேஷன் கலர்’ வேதியியல்தான்

என்னைப் பற்றி நம் தேர்வுப் பிரிவில் உலவும் பேச்சு எனக்குத் தெரியும். “அந்தம்மா ஒரே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா ரிட்டயர் ஆனப்புறமும் எக்ஸ்டென்ஷன் கிடைச்சிருக்கும். வறட்டுப் பிடிவாதத்துல போச்சு” என்று புதிதாக வருகிறவர்களுக்கு டீ குடிக்கும்போதே சொல்லிவிடுகிறார்களாம். சொல்லட்டும். கையெழுத்துப் போடவில்லை என்பது உண்மை. பிடிவாதம் என்பதும் உண்மை. ‘வறட்டு’ என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்காகத்தான், புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மதிப்பெண் பதிவது, சான்று அச்சடிப்பது, மறுகூட்டலுக்கு விடைத்தாள் எடுத்துக் கொடுப்பது இதெல்லாம் உங்களுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். அதற்கு நான் வேண்டியதில்லை. ஆனால் ஒருநாள் உங்களைவிடப் பெரிய பதவியில் இருப்பவர் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சிரித்த முகத்தோடு, “சின்ன விஷயந்தானுங்க” என்று ஆரம்பிப்பார். அந்த நாளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நான் அடிப்படையில் வேதியியல் ஆசிரியை. கடைசிச் சில ஆண்டுகள்தான் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராக இருந்தேன். நம்முடையது தன்னாட்சிக் கல்லூரி. பாடத்திட்டத்தை நாமே வகுக்கிறோம், தேர்வை நாமே நடத்துகிறோம், மதிப்பெண் சான்றில் நாமே கையெழுத்துப் போடுகிறோம். அந்தச் சுதந்திரம் எவ்வளவு பெரியது, எவ்வளவு ஆபத்தானது என்று இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

பனியன் தொழிலுக்கென்று ஒரு பட்டப்படிப்பு தொடங்கியபோது பாடத்திட்டக் குழுவில் நானும் இருந்தேன். சாயங்களின் வேதியியல், துணியைப் பதப்படுத்துகிற வேதியியல், கழிவுநீர்ப் பகுப்பாய்வு என்று பாடங்களை எழுதிக் கொண்டுபோனோம். கல்லூரிச் செயலர் ஏற்றுமதித் தொழில் செய்கிறவர். விற்பது எப்படி என்று அவருக்குத் தெரியும்.

“சாய வேதியியல்னு பேரு வெச்சா எந்தப் புள்ளைங்க வந்து சேரும் மேடம்? சாயப்பட்டறைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு நெனைச்சுக்குவாங்க. ஃபேஷன்னு வைங்க” என்றார்.

குழுவில் நான் மட்டும் மறுத்தேன். தோற்றேன். சாயங்களின் வேதியியல் ‘ஃபேஷன் கலர்’ ஆனது. துணிப் பதப்படுத்தல் ‘ஃபேப்ரிக் கேர்’ ஆனது. கழிவுநீர்ப் பகுப்பாய்வு ‘சஸ்டைனபிள் ஃபேஷன்’ என்று நாகரிகமாகிவிட்டது. அடுத்த பருவத்தில் என்ன நிறம் விற்கும், எந்தக் கழுத்து வெட்டு ஓடும் என்று படங்களை வெட்டி ஒட்டிப் பழகுகிற ஒரு பாடம் இருந்தது. அதற்கு ‘ஸ்டைல் சயன்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அதில் இருந்த அறிவியல் அந்தப் பெயரோடு சரி.

“பேரை என்ன வேணா வெச்சுக்கங்க. பாடத்துல மட்டும் கை வைக்க விடமாட்டனுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதில் ஜெயித்தேன். ‘ஃபேஷன் கலர்’ என்று அட்டையில் போட்டிருந்தாலும் உள்ளே பென்சீன் வளையத்தில் தொடங்கி அசோ சாயம்வரை நடத்தினோம். பிள்ளைகள் ஐஸ் கட்டியில் குடுவையை வைத்து, வெப்பநிலை ஏறிவிடாமல் காத்து, சாயத்தைத் தாங்களே தயாரித்தார்கள். விரல் நகமெல்லாம் ஆரஞ்சு நிறத்தோடு பஸ் ஏறிப் போவார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருத்தி நஸ்ரின். வேலம்பாளையத்துப் பெண். அப்பா இல்லை, அண்ணன் சாதிக், சட்டைகளுக்குப் பொத்தான் துளையும் பொத்தானும் தைத்துக் கொடுக்கிற ‘காஜா பட்டன்’ யூனிட் வைத்திருந்தார். பல் மருத்துவம் படிக்கவேண்டும் என்பது அவள் ஆசை. நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்கவில்லை, நம்மிடம் வந்து சேர்ந்தாள். முடித்ததும் கல்யாணம். மாப்பிள்ளை அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருந்தார். போய்விட்டாள். பிறகு அவளை நான் மறந்தே போனேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு காலை நேரம் அலுவலகத்தில் இருந்தபோது வாட்ஸப்பில் அழைப்பு வந்தது.

“மேடம், நஸ்ரின் பேசறனுங்க. ஃபேஷன் கலர்ல உங்க கிளாஸ்ல இருந்தேன். அண்ணன்கிட்ட நம்பர் வாங்குனேன்.”

அங்கே ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்க்கிறாளாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, மாலை வகுப்பில் உயிரியலும் இயற்பியலும் படித்து முடித்துவிட்டாளாம். பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். சிக்கல் அங்கேதான்.

அந்த நாட்டில் இதற்கென ஒரு விண்ணப்ப மையம் இருக்கிறது. எல்லாக் கல்லூரிகளுக்கும் அதன் வழியாகத்தான் போகவேண்டும். பட்டப்படிப்பில் படித்த ஒவ்வொரு பாடத்தையும் ஒரு பிரிவுக்குள் போடச் சொல்கிறார்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல், பிற அறிவியல், அறிவியல் அல்லாதது. எந்தப் பிரிவு என்று விண்ணப்பிக்கிறவர் முதலில் குறிக்கவேண்டும். மையத்தில் இருப்பவர்கள் சரிபார்த்து, தேவைப்பட்டால் மாற்றுவார்கள். பிறகு அறிவியல் பாடங்களுக்கு மட்டும் தனியாகச் சராசரி போட்டுக் கல்லூரிகளுக்கு அனுப்புவார்கள். கல்லூரிகள் முதலில் பார்ப்பதே அந்தச் சராசரியைத்தான்.

“நான் ஃபேஷன் கலரையும் ஃபேப்ரிக் கேரையும் கெமிஸ்ட்ரின்னு போட்டனுங்க மேடம். அவங்க ரெண்டையும் தூக்கி அறிவியல் அல்லாததுல போட்டுட்டாங்க. துணி அலங்காரம், வீட்டுப் பராமரிப்புன்னு எழுதியிருக்காங்க. கெமிஸ்ட்ரியே படிக்காதவன்னு என்னைய ஒதுக்கீருவாங்க மேடம். இன்னொருக்கா மொதல்ல இருந்து கெமிஸ்ட்ரி படிக்கோணும்னா எத்தன வருஷம் ஆகுமோ. குழந்தையை வெச்சுக்கிட்டு என்னால முடியாதுங்க.”

அழவில்லை. அழுகிறவர்களிடம் எனக்குப் பேச வரும். அவள் குரல் வறண்டு கிடந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் மீதல்ல, அந்த மையத்தின் மீதும் அல்ல. நாங்களே வைத்த பெயர். அந்தப் பெயர் இந்தப் பெண்ணை அவ்வளவு தூரம் துரத்திக்கொண்டு போய் அங்கே காலை வாரியிருக்கிறது.

அவர்களுடைய விதிகளை அனுப்பச் சொல்லிப் படித்தேன். எந்தத் துறை நடத்தியது என்பதைவிட, பாடத்தின் உள்ளடக்கம் எது என்பதை வைத்தே பிரிக்கவேண்டும் என்று அதிலேயே இருந்தது. நல்ல விதி. ஆனால் சரிபார்க்கிறவர் கண்ணில் படுவது பெயர் மட்டும்தானே. உள்ளடக்கத்தை யாராவது எடுத்துக் காட்டவேண்டும். அது நம் வேலை. பாடத்திட்டத்துக்குச் சான்றளிக்கும் அதிகாரம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு இருக்கிறது. விளக்கக் கடிதம் தயார் செய்கிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

நான் எழுதத் தொடங்குவதற்குள் முதல்வர் அறையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. போனால், முதல்வர், செயலர், பக்கத்தில் சாதிக். சாதிக்கின் யூனிட் செயலருடைய கம்பெனிக்குத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

செயலர் ஆரம்பித்தார். “வாங்க மேடம். நம்ம சாதிக்கோட தங்கச்சிக்கு சர்டிபிகேட்டுல ஏதோ பேரு மாத்திக் குடுக்கோணுமாமா. சின்ன விஷயந்தானுங்களே.”

“என்ன பேருங்க?”

சாதிக் எழுந்து நின்று சொன்னார். “ஃபேஷன் கலருக்கு பதிலா ஆர்கானிக் கெமிஸ்ட்ரின்னு போட்டு ஒரு புது சர்டிபிகேட் வேணுமுங்க மேடம். ஃபேப்ரிக் கேருக்கும் அதே மாதிரி. பழசுல பேரு தப்பா அச்சாயிருச்சுன்னு சொல்லிக்கலாமுங்க. வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பற கன்சல்டன்சில கேட்டேன். அப்படித்தான் எல்லாரும் வாங்கி அனுப்பறாங்களாம்.”

“அவ ஆர்கானிக் கெமிஸ்ட்ரின்னு ஒரு பரீட்சை எழுதவே இல்லீங்களே. எழுதாத பரீட்சைக்கு நான் எப்படிங்க சான்று தர முடியும்?”

முதல்வர் நல்ல மனிதர். யாரிடமும் முகம் சுளிக்கத் தெரியாதவர். அதுதான் அவரிடம் இருந்த சிக்கல். “மேடம், உள்ள இருக்கறது வேதியியல்னு நீங்களே எத்தனை தடவை சண்டை போட்டிருக்கீங்க. இணையான பேருன்னு நெனைச்சுப் போட்டுக் குடுங்க. நாம என்ன பொய்யா சொல்றோம்?” என்றார்.

நீங்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. என்னைத் தப்புச் செய்யச் சொல்கிறவர் என்னுடைய வாதத்தையே எடுத்து என்னிடம் நீட்டுகிறார். உள்ளே இருப்பது வேதியியல் என்பது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு பொய்ச் சான்று ஒன்றை வாங்கப் பார்க்கிறார்கள். நேரடியான பொய்யை மறுப்பது சுலபம். முக்கால் உண்மையாக வருகிற பொய்தான் ஆளைத் தடுமாற வைக்கும். ஒரு கணம் எனக்கும் தடுமாறியது. போட்டுக் கொடுத்தால் அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாளே என்று தோன்றத்தான் செய்தது.

“சார், உள்ள கெமிஸ்ட்ரி இருக்குதுன்னா அதையே எழுதித் தர்றனுங்க. பேரு ஃபேஷன் கலர், நடத்துனது சாயங்களோட கரிம வேதியியல். ரெண்டையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போடறேன். பேரை மறைச்சு மட்டும் போட மாட்டேன்.”

முதல்வர் முகம் மாறியது. “அப்படி எழுதினா நம்ம பேரை நாமளே குத்தம் சொன்ன மாதிரி ஆயிருமே மேடம். காலேஜுக்குத் தரம் போடற ஆய்வுக்குழு வர்ற நேரம் வேற. விளம்பரத்துக்குப் பேரு வெச்சோம்னு ஆயிராதா?”

“ஆமாங்க சார். விளம்பரத்துக்குத்தானே வெச்சோம்?”

சாதிக் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். அவர் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. தங்கைக்காக வந்தவர். அவருக்குத் தெரிந்த வழி அது.

செயலர் சிரித்தார். நம் ஊரில் மிரட்டுவதுகூட மரியாதையாகத்தான் மிரட்டுவார்கள். “ஏனுங்க மேடம், உங்க எக்ஸ்டென்ஷன் ஃபைலு எங்கிட்டத்தான் இருக்குதுங்க. ஞாபகம் இருக்குதுங்களா?”

எனக்கு அந்த நீட்டிப்பு வேண்டியிருந்தது. வீட்டில் சோற்றுக்குக் குறையில்லை. ஆனால் காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடம் வேண்டும் எனக்கு. வேலையை அவ்வளவு விரும்பினேன். அவருக்கும் அது தெரியும்.

“ஞாபகம் இருக்குதுங்க. அது உங்க கையெழுத்து. இது என் கையெழுத்துங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

துணிச்சல்காரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பயந்துகொண்டேதான் எழுந்து வந்தேன்.

அன்று மத்தியானமே கடிதம் எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் நஸ்ரினின் மதிப்பெண் சான்றை முழுதாகப் பார்த்தேன். ‘ஃபேஷன் கலர்’, ‘ஃபேப்ரிக் கேர்’ இரண்டிலும் நல்ல மதிப்பெண். ‘ஸ்டைல் சயன்ஸி’ல் வகுப்பிலேயே முதல். ‘சஸ்டைனபிள் ஃபேஷ’னில் மட்டும் தட்டுத் தடுமாறித் தேறியிருந்தாள்.

மையம் எப்படிப் பிரித்திருக்கிறது என்று அவள் அனுப்பியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ‘ஸ்டைல் சயன்ஸ்’ என்ற பெயரில் ‘சயன்ஸ்’ இருந்ததால் அதை ‘பிற அறிவியல்’ என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கழிவுநீர்ப் பகுப்பாய்வை ‘ஃபேஷன்’ என்று தள்ளிவிட்டிருந்தார்கள். அதாவது பெயர் அவளை இரண்டு இடத்தில் கெடுத்திருக்கிறது, இரண்டு இடத்தில் காப்பாற்றியிருக்கிறது. படம் வெட்டி ஒட்டியதற்கு வாங்கிய முதலிடம் அறிவியல் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. அமிலமும் காரமும் வைத்து அளந்ததில் வாங்கிய மோசமான மதிப்பெண் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கிறது.

அவளை அழைத்தேன்.

“கண்ணு, நாலு பேப்பருக்கும் சேர்த்துத்தான் எழுதப்போறேன். ஃபேஷன் கலரும் ஃபேப்ரிக் கேரும் கெமிஸ்ட்ரிக்கு வரும். சஸ்டைனபிள் ஃபேஷனும் அறிவியலுக்கு வரும். ஸ்டைல் சயன்ஸ் வெளிய போகும்.”

“மேடம், அந்த ரெண்டையும் விட்டுருங்க. அதைப் பத்தி அவங்க கேக்கவே இல்லையே. கேக்காததை நாம எதுக்குங்க சொல்லோணும்?” என்றாள்.

“பேரைப் பாக்காதீங்க, பாடத்தைப் பாருங்கன்னு கேக்கறோம். ரெண்டு பேப்பருக்குப் பாடத்தைப் பாருங்க, மத்த ரெண்டுக்குப் பேரையே பாத்துக்கங்கன்னு எப்படிக் கண்ணு கேக்க முடியும்?”

“நீங்க எனக்கு உதவி பண்றீங்களா, உபத்திரவம் பண்றீங்களா?”

அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. “அந்த செமஸ்டர் நான் ஏன் குறைச்சு வாங்குனேன்னு தெரியுமுங்களா? திரும்பவும் நுழைவுத் தேர்வுக்குப் படிச்சிட்டிருந்தேன். அண்ணனுக்குத் தெரியாம, காலேஜுக்குத் தெரியாம. அதுலயும் கிடைக்கலை, இதுலயும் மார்க் போச்சு. அதைப் போயி எடுத்து வெளிய வெக்கறேங்கறீங்களே.”

எனக்கு மனசு வலித்தது. ஆனாலும் மாற்றவில்லை. “நாலும் எழுதறதா இருந்தா எழுதறேன். இல்லைன்னா ஒண்ணுமே எழுதலை. உன் இஷ்டம் கண்ணு” என்றேன்.

போனை வைத்துவிட்டாள். சிலர் இதைக் கேட்டுவிட்டு, “அவள் உங்கள் மாணவி, அவள் பக்கம் நிற்கவேண்டியதுதானே?” என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் அவள் பக்கம்தான் நின்றேன். அவளுக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எழுதியிருந்தால், சரிபார்க்கிறவர் மற்ற இரண்டு பாடத்தையும் ஒருமுறை திறந்து பார்த்தாலே போதும். என் கடிதம் குப்பைக்குப் போயிருக்கும். அவளுடைய உண்மையான வேதியியலும் அதோடு போயிருக்கும். இதை அன்றைக்கு அவளுக்கு விளக்கிச் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

மறுநாள் ஒரு வரிச் செய்தி வந்தது. ‘அனுப்புங்க மேடம்.’ வணக்கம், நன்றி எதுவும் இல்லை.

ஒவ்வொரு பாடத்துக்கும் என்ன நடத்தினோம், ஆய்வகத்தில் என்ன செய்தார்கள், எந்தப் பிரிவுக்கு அது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று எழுதினேன். பெயர்கள் மாணவர் சேர்க்கையை மனதில் வைத்துச் சூட்டப்பட்டவை, உள்ளடக்கத்தைக் காட்டுபவை அல்ல என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். அந்த வரியை முதல்வர் நீக்கச் சொன்னார். நீக்கவில்லை. அலுவலக மின்னஞ்சலில் பாடத்திட்டத்தோடு சேர்த்து அனுப்பினேன். ‘மேலிட அனுமதியின்றி அனுப்பியது ஏன்?’ என்று எனக்கு மெமோ வந்தது. ‘பாடத்திட்டத்துக்குச் சான்றளிப்பது என் பணி. அதைச் செய்தேன்’ என்று பதில் கொடுத்தேன்.

மையத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. இந்தப் பாடங்களை நடத்தியது வேதியியல் துறையா, ஃபேஷன் துறையா என்று கேட்டிருந்தார்கள். காகிதத்தில் ஃபேஷன் துறைதான். அதையும் மறைக்கவில்லை. ‘ஃபேஷன் துறை. நடத்தியவர்கள் வேதியியல் பட்டம் பெற்றவர்கள். செய்முறை நடந்தது வேதியியல் ஆய்வகத்தில். உள்ளடக்கத்தை வைத்தே பிரிக்கவேண்டும் என்பது உங்கள் விதி. அந்த விதிப்படி முடிவு செய்யும்படி கேட்கிறேன்’ என்று எழுதினேன். கெஞ்சவில்லை. அவர்கள் விதியைத்தான் அவர்களிடம் திருப்பிக் கேட்டேன்.

முடிவு வந்தது. ‘ஃபேஷன் கலர்’ வேதியியல். ‘ஃபேப்ரிக் கேர்’ வேதியியல். ‘சஸ்டைனபிள் ஃபேஷன்’ பிற அறிவியல். ‘ஸ்டைல் சயன்ஸ்’ அறிவியல் அல்லாதது. நான் எழுதியபடியே ஏற்றுக்கொண்டார்கள்.

இத்தோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னால் பொய். நஸ்ரினின் சராசரி அவள் நினைத்த அளவுக்கு ஏறவில்லை. அந்த வருடம் எந்தக் கல்லூரியும் அவளை எடுக்கவில்லை. ஒன்று மட்டும் காத்திருப்போர் வரிசையில் வைத்துவிட்டுக் கடைசியில் இல்லை என்றது. சாதிக் என்னை வேலம்பாளையம் கடைவீதியில் பார்த்தபோது பைக்கை நிறுத்தாமல் போனார். என் நீட்டிப்பு வரவில்லை. விடைபெறும் விழாவில் செயலர் எனக்குப் பொன்னாடை போர்த்தி, “மேடம் ரொம்ப நேர்மையானவங்க” என்று மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள். நான் எழுந்து, “நேர்மைக்குப் பொன்னாடையும் கிடைக்கும், மெமோவும் கிடைக்கும். எனக்கு ரெண்டும் கிடைச்சுதுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பின்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

அந்த வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்த காலைகள் எனக்கு எப்படி இருந்தன என்று எழுத விருப்பமில்லை. ஆனால் ஒருநாள்கூட, போட்டுக் கொடுத்திருக்கலாமே என்று நினைக்கவில்லை. அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

நஸ்ரின் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்தாள். அதற்குள் இன்னும் ஒரு பாடம் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். வேதியியல் பிரிவு ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயம், அதை யாரும் கிளறவில்லை. ஒரு கல்லூரி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அங்கே அவர்கள் கேட்ட முதல் கேள்வியே, மற்றதில் நன்றாக வாங்கியவர் கழிவுநீர்ப் பகுப்பாய்வில் மட்டும் ஏன் இப்படி என்பதுதான். அவள் அண்ணனுக்கே சொல்லாததை அவர்களிடம் சொன்னாள். பல் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு ஒளிந்து படித்தேன், இரண்டும் போனது, இப்போது நான்காவது முறையாக முயன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று. இடம் கிடைத்தது.

இதை அவள் எனக்குப் போனில் சொல்லவில்லை. விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, சாதிக்கோடும் குழந்தையோடும் என் வீட்டுக்கு நேரில் வந்து சொன்னாள். முகத்தில் இன்னும் கொஞ்சம் விறைப்பு இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காலில் விழுந்திருந்தால் நான் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்திருப்பேன்.

சாதிக்தான் மனதில் இருந்ததைக் கேட்டார். “தப்பா நெனைச்சுக்காதீங்க மேடம். அன்னைக்கே பேரை மாத்திக் குடுத்திருந்தா போன வருஷமே சேந்திருப்பாளுங்களே. ஒரு வருஷம் வீணாப் போச்சுங்களே.”

நான் பதில் சொல்லுமுன் நஸ்ரின் குறுக்கிட்டாள். “அண்ணா, உங்ககிட்ட நான் இதைச் சொல்லவே இல்லை. போன மாசம் ஒரு புள்ள எனக்கு மெசேஜ் பண்ணுச்சு. சாமளாபுரத்துப் புள்ள. நம்ம காலேஜ்தான், எனக்கு அடுத்த பேட்ச். அதுவும் அங்க பல் மருத்துவத்துக்கு அப்ளை பண்ணியிருக்குது. ஃபேஷன் கலரை எப்படிப் போட்டீங்க அக்கான்னு கேட்டுச்சு. கெமிஸ்ட்ரின்னு போடுன்னேன். போட்டுச்சு. மையத்துல ஒரு கேள்விகூடக் கேக்காம ஏத்துக்கிட்டாங்க. நம்ம காலேஜோட பாடத்திட்டம் அவங்ககிட்ட இருக்குதாம், மேடம் அனுப்புனது.”

சாதிக் புரியாமல் பார்த்தார்.

“எனக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரின்னு பேரு மாத்திக் குடுத்திருந்தாங்கன்னு வைங்க. அடுத்து இந்தப் புள்ள அதே காலேஜ், அதே பாடம், ஃபேஷன் கலர்னு சர்டிபிகேட்டோட போயிருக்கும். ரெண்டும் ஒரே ஆபீஸ்லதான் இருக்கும். யாரோடது பொய்யின்னு அவங்க தேட மாட்டாங்களா? என் சீட்டும் போயிருக்கும். அந்தப் புள்ளையோடதும் போயிருக்கும்.”

சாதிக் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு நிமிர்ந்து, “மேடம், நீங்க இதையெல்லாம் அன்னைக்கே யோசிச்சுத்தான் மாட்டேன்னு சொன்னீங்களா?” என்றார்.

“இல்லீங்க. அந்தப் புள்ள யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. எழுதாத பரீட்சைக்குக் கையெழுத்துக் கேட்டீங்க, போடலை. அவ்வளவுதானுங்க.”

உங்களுக்கும் நான் சொல்ல வருவது இதுதான். பின்னால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க உங்களுக்கு நேரம் தரமாட்டார்கள். எதிரே உட்கார்ந்து உடனே பதில் கேட்பார்கள். நல்லது செய்வதாகத்தான் கேட்பார்கள். அந்த நேரத்தில் உங்களிடம் இருப்பது, இந்தத் தாளில் எழுதியிருப்பது நடந்ததா இல்லையா என்ற ஒரே கேள்விதான். நடக்கவில்லை என்றால் போடாதீர்கள். நடந்தது என்றால், யார் தடுத்தாலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முதலாவதை மட்டும் செய்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மறுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, சுத்தமாக வீட்டுக்குப் போவார்கள். கேட்க வந்தவர் தெருவில் நிற்பார். இரண்டாவதையும் செய்தால்தான் வேலை முடிகிறது.

அடுத்த பாடத்திட்டக் குழுவில் புதிய பெயர்கள் வருகின்றனவாம், கேள்விப்பட்டேன். இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஏ.ஐ. என்று சேர்க்கப் பேசுகிறார்களாம். சேர்க்கட்டும். நீங்கள் அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். உள்ளே என்ன பாடம், யார் நடத்துவார்கள், பிள்ளைகள் கையால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். நேரமாகிவிட்டது, அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்பார்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.